எட்டு என்று நம்பிய கணினி

அன்புள்ள என்னவருக்கு,

நலமா? நம் மகளுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கொஞ்சம் அசதி.

பெரிய சர்வருக்குள் நாங்கள் உருவாக்கிய ஒரு மெய்நிகர் கணினி மூன்று நாளாக ஆமையாய் நகர்ந்தது. அதற்குக் கொடுத்தது நான்கு கோர், அதாவது கணக்குப் போடும் நான்கு மூளை. ஒவ்வொன்றிலும் இரண்டு த்ரெட், ஒரே மூளையைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு வேலை வரிசை. அதுவோ எட்டுத் தனிக் கோர் இருப்பதாக நம்பி, கனமான இரண்டு வேலைகளை ஒரே கோரில் ஏற்றிவிட்டு, பக்கத்துக் கோரைச் சும்மா விட்டது.

"இந்த செட்டிங் போட்டது யாரும்மா?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்."

அதில் ஒரு வரியைத் திருத்தியதும் கணினி வேகமாக ஓடத் தொடங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. தேங்கிய வேலையை முடிக்க என் லீவைத்தான் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார். மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

அவளுடைய தலையணை உறை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மனைவி