வாசுகி பொய் சொல்லவில்லை

அலோர்ஸ்டார்,
ஞாயிறு மதியம்.

மதிப்புக்குரிய புவனேசன் மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் தங்கை வாசுகி இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். முதலில் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தீபாவளியிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதி, போஸ் லாஜு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஒரு வருடமாகவே காலை நேரங்களில் அவளுக்குப் பேச்சுக் குழறும், சில நாள் விழுந்தும்விடுவாள். பாலிங்கில் ஒரு கிளினிக்கில் வலிப்பு என்று மருந்து கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. போன மாதம் மயங்கியபோது ஒரு தாதி விரலில் குத்திப் பார்த்தார். இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. உடனே இங்கே அனுப்பினார்கள்.

சீனி ஏன் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சாப்பாடு கொடுக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும், தண்ணீர் மட்டும், மூன்று நாள் வரைகூட ஆகலாம் என்றார் டாக்டர் மேனகா. பத்தொன்பதாவது மணி நேரத்தில் வாசுகிக்கு வியர்த்துக் கொட்டியது. "ஏங்க, ஒரு வாய் மைலோ குடுங்களேன்" என்று கெஞ்சினாள். கொடுக்கக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நான் யாரென்றே தெரியாமல் என்னைத் திட்டிக் கத்தினாள். இரத்தம் எடுத்த பிறகே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "ஏன் அழுவுறீங்க?" என்றாள். நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

ஸ்கேனில் பார்த்தால், கணையத்தில் மொச்சைக்கொட்டை அளவு கட்டி. அதுதான் வேண்டாத நேரத்திலும் இன்சுலினைச் சுரக்கிறதாம். இருபத்து மூன்று வயதில் இது மிக அபூர்வமாம். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, எடுத்துவிட்டால் குணமாகும் என்கிறார் டாக்டர். ஆபத்தும் உண்டு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். வியாழக்கிழமை காலை ஆபரேஷன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தீபாவளியன்று அவள் கன்னத்துக் காயத்தைப் பார்த்து, "மாப்ள, நீ அடிச்சியா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். விழுந்துவிட்டேன் என்று அவளும் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை, மச்சான். அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். நான்தான் பொய் சொன்னேன். அன்று காலை தட்டை வீசி எறிந்து வாய்க்கு வந்தபடி பேசினாள். திமிர் என்று நினைத்து அறைந்தேன். சீனி இறங்கியிருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. புரியாவிட்டாலும் அடித்தது தவறுதான்.

நேற்று அவளிடமே சொல்லிவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு, "அண்ணங்கிட்டயும் சொல்லிடுங்க. அவர வரச் சொல்லுங்க" என்றாள்.

புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள். என்னைக் கேட்க வேண்டியதை ஆபரேஷன் முடிந்து கேளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவளை உள்ளே கொண்டுபோகும்போது உங்கள் முகம் அவள் கண்ணில் பட வேண்டும்.

மாரியம்மன் அவளைக் கைவிடக் கூடாது.

உங்கள் மாப்பிள்ளை என்று எழுதக் கை வராத,
மனோகரன்