திறந்து பார்க்காத நகல்

அன்பு மகளுக்கு,

அம்மா உயிரோடு இருந்தபோது பாடிய பதிவை அனுப்பச் சொல்லி நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னேன்.

நான் எடுக்கும் டேட்டாபேஸ் வகுப்பில், பேக்கப் என்னும் நகலைப் பற்றி தினமும் தொண்டை கிழியக் கத்துவேன்: "பேக்கப் எடுத்தா மட்டும் போதாதுப்பா, திறந்து பாக்கணும்!" நேற்று ஒரு மாணவி கேட்டாள், "சார், உங்க வீட்டு பேக்கப்பைத் திறந்து பாத்தீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். அம்மா பாடியதைப் பதிந்த அவளுடைய போன் எப்போதோ பழுதாகிவிட்டது. அது பழுதாகும் முன் அதிலிருந்து வாராவாரம் நான் எடுத்துவைத்த நகல்கள் அத்தனையும் காலி.

எனக்குத் தெரியாத வேலையா? அந்தக் குரலைக் கேட்கும் தைரியம் இல்லாமல்தான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

உன் போனில் அம்மாவின் குரல் ஏதாவது இருக்கிறதா? "சாப்டியா" என்று அவள் கேட்டது இருந்தாலும் போதும். அனுப்பும் முன் நீ ஒரு முறை திறந்து கேட்டுவிடம்மா.

உன் அப்பா