தாய்மாமனுக்கு ஞாயிறு ஆட்டம்

ஓகஸ்ட் 19, செவ்வாய்

புழுக்கம். மழை மிரட்டிவிட்டுப் போய்விட்டது. புரோசார்ட் வேலையிலிருந்து பியர்பொன்ட்ஸில் அக்கா வீட்டுக்கு வந்து சேர ஒரு ரயில், இரண்டு பஸ். பின்வளவில் வலைக்குப் பந்து எறிந்தேன். தோள் பரவாயில்லை.

கல்லூரியில் என்னோடு பேஸ்போல் விளையாடிய பிற்சர் படம் அனுப்பியிருக்கிறான். புதுச் சீருடை, பல்லெல்லாம் தெரிய. யூலையில் பெரிய அணிகள் ஆள் எடுத்தபோது அவனை எடுத்தார்கள். நாலு வருடம் அவன் எறிந்ததையெல்லாம் குந்தியிருந்து பிடித்த கேச்சர் நான். என்னை ஒரு நாயும் கேட்கவில்லை. இப்போது கடைக்கு சோபா ஏற்றி இறக்குகிறேன். வாழ்த்து அனுப்பினேன். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

அக்கா வேட்டி சால்வை கொண்டுவந்து காட்டினார். மயில் நிறக் கரை. ஞாயிறு, பெரியபிள்ளையான அவர் மகள் ஆரணிக்குச் சாமத்தியச் சடங்கு. அக்காவுக்கு நான் ஒரே தம்பி; தண்ணீர் வார்க்கிற தாய்மாமன் நான்தான். தலைப்பாகையும் உண்டாம். கடவுளே.

(இந்த நாட்குறிப்பு, கல்லூரியில் அறைத்தோழன் வாசிக்கக் கூடாதென்று தமிழில் எழுதத் தொடங்கியது. இந்த வீட்டில் அது உதவாது. ஒளிக்க இடம் பார்க்க வேண்டும்.)

ஓகஸ்ட் 20, புதன்

போன் வந்தது!

இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்னத் தொழில்முறை அணி. அவர்களுடைய கேச்சருக்கு விரல் முறிந்துவிட்டது. கோச் வளவளவென்று பேசவில்லை. வா, ஒரு ஆட்டம் விளையாடு, எனக்குப் பிடித்தால் ஒப்பந்தம்.

எப்போது? ஞாயிறு. வருடத்தில் வேறு ஞாயிறே இல்லை.

பஸ்ஸில் மனசுக்குள்:
– ஒன்பது வயதில் என்னையும் அம்மாவையும் இங்கே கூப்பிட்டது அக்கா.
– பனிக்குள் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டது அக்கா.
– சடங்குக்கு ஹோல் போன வருடமே பதிந்தாயிற்று.
– எனக்கு இருபத்துமூன்று. இன்னொரு போன் வராது.

சமையலறையில் சொன்னேன். அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “நீ இல்லாமல் ஆர் தண்ணி வாக்கிறது?” என்றார். அம்மா கண்ணைத் துடைத்தார். வெங்காயமா நானா தெரியாது.

அத்தான்தான் வழி சொன்னார். சுப நேரம் காலை ஒன்பதுக்கு. ஹோல் புரோசார்ட்டில், நெடுஞ்சாலைக்குப் பக்கம். ஆட்டம் இரண்டு மணிக்கு. பதினொன்றுக்கு என்னை விட்டுவிட்டால் போதும். அக்கா சரி என்றார். நம்பினேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

நல்ல வெயில். அத்தானின் கார் டிக்கியில் என் பை: முகக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு. அதன்மேல் பலகாரத் தட்டுகள். கையுறைக்குள் சீனி. கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தவில்லை.

ஆரணி வந்து எட்டிப் பார்த்தாள். சடங்கில் பாதியில் ஓடுவேன், கோபிக்காதே என்றேன். ‘சே கொரெக்ட்’ என்று பிரெஞ்சில் சொன்னாள், பரவாயில்லையாம். தனக்குப் பல்லக்கு வேண்டாம் என்றதையும் இங்கே யாரும் கேட்கவில்லையாம்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

மைதானத்துக் கார் தரிப்பிடம். காருக்குள் இருந்து எழுதுகிறேன்.

எட்டரைக்கே நான் தயார். ஐயர் வந்தார். பால், அறுகம்புல், தேங்காய், பல்லக்கு எல்லாம் வந்தன. வீடியோக்காரர் வரவில்லை. பாலத்தில் ஒரு பக்கம் பூட்டாம். நேரம் போகிறதென்று ஐயர் மெல்லச் சொன்னார். வீடியோ இல்லாமல் எப்படித் தொடங்குவது என்றார் அக்கா. சபையே தலையாட்டியது. சுப நேரம் போகலாம், வீடியோ போகக் கூடாது.

வீடியோக்காரர் பதினொன்று தாண்டித்தான் வந்தார். வார்த்தேன். “தம்பி, அறுகம்புல் கமெராவில விழேல்லை. இன்னொருக்கா தண்ணி வாருங்கோ,” என்றார். வார்த்தேன். சிரித்தபடி இன்னொரு தரம். ஆரணிக்குக் குளிரில் பல்லுக் கிட்டியது. பிறகு தாய்மாமன் தனியே ஒரு படம், தாய்மாமன் குடும்பத்தோடு ஒரு படம். எனக்கு ஏது குடும்பம். அக்காவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஈர வேட்டியோடு அத்தானின் காரில் ஓட்டம். பெற்றோல் நிலையத்தில் உடுப்பு மாற்றல். வழியெல்லாம் வீதித் திருத்தம், செம்மஞ்சள் கூம்புகள். போய்ச் சேர இரண்டாவது இன்னிங்ஸ். என் இடத்தில் வேறொரு பெடியன் குந்தியிருந்தான்.

கோச் சத்தம் போடவில்லை. குடும்ப விசேஷம் என்றேன். யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நெற்றியில் சந்தனம் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓரத்தில் பிற்சர்கள் எறிந்து கை சூடாக்கும் இடத்தைக் காட்டி, அங்கே போய்ப் பிடி என்றார். பிடித்தேன், குந்தி எழும்பி, மண்ணில் புரண்டு. ஒன்றும் தவறவில்லை. யார் பார்த்தது?

முடிந்த பிறகு கூப்பிட்டார். விளையாட ஒப்பந்தம் இல்லை. மிச்ச ஆட்டங்களுக்குக் கை சூடாக்கும் இடத்தில் பிடிக்க ஆள் வேண்டும். சீருடை உண்டு, முதுகில் பெயர் இல்லை. நாளை மதியத்துக்குள் பதில்.

ஓகஸ்ட் 25, திங்கள்

மேகம். வீட்டில் யாரோடும் கதைக்கவில்லை. மிஞ்சிய வடை தின்றேன், கோபத்திலும் பசிக்கிறது. ஓரத்தில் நின்று பந்து பிடிக்கவா நாலு வருடம் படித்தேன்? சோபாவே மேல். வேண்டாமென்று சொல்லப்போகிறேன்.

காலை பத்து மணிபோல மேலே அக்காவின் போன், ஸ்பீக்கரில் வீடியோக்காரர். படிக்கட்டில் நின்று கேட்டேன். தண்ணீர் வார்த்த பகுதி பதிவாகவில்லையாம். மூன்று தரமும். குறை நினைக்கக் கூடாதாம். வருகிற ஞாயிறு மாமனையும் பிள்ளையையும் உடுத்திக் கூட்டிவந்தால் திரும்ப எடுத்துவிடலாமாம்.

எட்டிப் பார்த்தேன். மண் அப்பிய என் காற்சட்டை அக்காவின் கையில், தோய்க்கப் போடுவதற்கு. நேற்று நடந்ததை நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

“ஞாயிறு ஏலாது,” என்றார். “தம்பிக்கு மட்ச் இருக்கு. அவன் இல்லாமல் அவை விளையாடேலாது.”

கீழே வந்தேன். கோச்சுக்குப் போன் எடுத்து, வருகிறேன் என்றேன்.