யார் முதலில் சொன்னது

12 பிப்ரவரி 1989, ஞாயிறு

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் அந்தோணி பேசினான். பாதிரியார் ஆவதற்கான குருமடத்தில் என்னோடு லத்தீன் படித்தவன். அவன் பேராசிரியர் ஆகிவிட்டான். நான் பாதியில் வெளியேறி ராஜபாளையத்தில் மில் கிளார்க். பழைய ரோமானியர்கள் புத்தகச் சுருளை விரித்துப் பார்க்காமல் நினைவிலிருந்தே மேற்கோள் எழுதினார்கள், அதனால்தான் அவற்றில் இத்தனை பிழை என்றான். ஒரே கைதட்டல். எனக்கு வயிறு எரிந்தது. அது நான் யோசித்து அவனுக்குக் கடிதத்தில் எழுதிய விஷயம்.

டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏலே, அது நான் சொன்னதுல்லா?"

"நீயா? எனக்கே தோணுனதுன்னுல்லா நெனச்சேன்," என்று சிரித்தான்.

திரும்பும் பஸ்ஸில் என் மனைவி ஸ்டெல்லா, "எம்புட்டு அழகாப் பேசுறாரு!" என்றாள்.

"அம்புட்டும் எங்கிட்டத் திருடுனது," என்றேன்.

நம்பிவிட்டாள். "அவிய வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்," என்றாள்.

ஆதாரம் காட்டலாம் என்று வீட்டில் அவன் போட்ட பழைய பதில் கடிதங்களைத் தேடினேன். ஒன்று கிடைத்தது. அந்த விஷயம் அவன் கையெழுத்தில் இருக்கிறது. கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் 'அருமை' என்று எழுதியவன் நான்.

ஸ்டெல்லா தூங்கிவிட்டாள். காலையில் அவளிடம் சொல்ல வேண்டும். சொல்வேனா, தெரியவில்லை. அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் எரிகிறது.