வண்டியை விற்கவில்லை

திங்கட்கிழமை மதியம்,
கடையிலிருந்து

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. நேற்றே நர்ஸிடம் கேட்டுவிட்டேன். செயற்கைக் காலுக்கு அளவெடுத்தாயிற்று, சாப்பாடு பாதிதான் இறங்குகிறது, பக்கத்துக் கட்டில்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை, நடைப்பயிற்சிக்குக் கூப்பிட்டால் "நாளைக்கு" என்கிறாராம். எல்லாம் என் காதுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் வண்டிப் பேச்சை எடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. மடித்து வைத்தாலும் தலைமாட்டில் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை விற்கவில்லை. நீங்கள் அனுப்பிய ஆள் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார், "எப்ப எடுத்துக்கலாம்?" என்றார். இது ஓடப்போகிற வண்டி, விற்கப்போகிற வண்டி இல்லை என்று சொல்லி, ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எட்டு மாதமாக உங்களுக்குக் கோபம்கூட வரவில்லை என்பதுதான் என் கவலை.

இன்னொன்று. வண்டியில் தொலைதூர ரேடியோ வைக்கிறேன். காவலாளி கையில் வைத்திருப்பாரே, அந்த மாதிரி இல்லை. இது ஆயிரம் கிலோமீட்டர் போகும். அலை வானத்தில் உயரப் போய், அங்கே பட்டுத் திரும்பி, எங்கோ தூரத்தில் இறங்குமாம். நடுவில் கோபுரம் எதுவும் வேண்டாம். ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் கால் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள், நானும் கேட்டேன். உங்களைக் கொண்டுவர முப்பத்தொரு மணி நேரம் ஆனது. போன் எட்டாத மணல்காட்டில் ஜாக்கி சரிந்து வண்டி உங்கள் கால்மேல் இறங்கியது யார் தப்பும் இல்லை. அதை என்னால் மாற்றவும் முடியாது. கூப்பிட வழியில்லாமல் போனதை மட்டும் என்னால் சரிசெய்ய முடியும். அதைத்தான் செய்கிறேன்.

நானும் உங்கள் தங்கையும் தேர்வு எழுதி ரேடியோ உரிமம் வாங்கிவிட்டோம். என்னைவிட அவளுக்கு மூன்று மார்க் அதிகம். அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. லாரி ஓட்டுகிறவளுக்குப் படிக்க நேரம் ஏது என்றால், "சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் படிச்சேன் அண்ணி" என்கிறாள். இந்த ஊரில் இருப்பதே இரண்டு சிக்னல்.

ஆன்டெனாவை எங்கே வைப்பது என்பதில் வெல்டரோடு ஒரு மூச்சு சண்டை. எதையும் கூரைமேல் ஏற்றினால்தானே அவருக்கு மனசு ஆறும். "மேல வெச்சாதாம்மா தூரமா போகும்" என்று ஒரே பிடிவாதம். கம்பியே இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கிறது. கூரையில் நிறுத்தினால் முதல் மரக்கிளைக்கே கும்பிடு போட்டுவிடும். பின்னால் ஸ்டெப்னி பக்கம் வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் இடிக்கும், கேபிளும் நீளம். கடைசியில் முன்பம்பரின் இடது ஓரம் என்று நான்தான் முடிவு செய்தேன். கனத்த தகடு அறுத்து, குறுக்கே ஒரு தாங்கு வைத்துப் பற்றவைத்து, மேலே பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். குலுக்கலுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். அதற்கு மேலே ஆன்டெனாவின் காயில். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினாறு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவளிடம் இதைக் காட்டி, ரொம்பச் சிக்கலான வேலை என்று ரேடியோ விற்றவர்கள் பயமுறுத்தினார்களே!

கேபிளை பானெட் ஓரமாக இழுத்து, எஞ்சின் சூடு படுகிற இடத்தில் உறை போட்டு, ரேடியோவை டேஷ்போர்டுக்குக் கீழே உட்காரவைத்துவிட்டேன். நாளைக்குச் சோதனை. பேசும். அதில் சந்தேகமே இல்லை. அடுத்த மாதம், நீங்கள் கூட்டிப்போன மாதிரியே, பறவை பார்க்கிறவர்களை வறண்ட ஏரிக்குக் கூட்டிப்போகிறோம். ஓட்டப்போவது உங்கள் தங்கை, வழி பார்க்கப்போவது நான்.

சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். நர்ஸ் என் ஆள்.

உங்கள்
காயில்காரி


சனிக்கிழமை,
வீட்டிலிருந்து

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

போன கடிதத்தில் "சந்தேகமே இல்லை" என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.

ரேடியோவைப் போட்டால் எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரே இரைச்சல். நாற்பது தடவை கூப்பிட்டிருப்பேன். ஈ காக்கை பதில் சொல்லவில்லை. மீட்டரைப் பார்த்தால், நான் அனுப்புவதில் பாதிக்கு மேல் வெளியே போகாமல் திரும்பி வருகிறது. வெல்டர் கையைக் கட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், கூரைல வெச்சிருக்கலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், சரி. காயிலைப் பார்த்தேன், சரி. மூன்று நாள் கடைக்கு வந்த மோட்டாரையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு இதிலேயே கிடந்தேன்.

நேற்றுக் காலையில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பம்பருக்கும் சேஸுக்கும் நடுவே எர்த் இல்லவே இல்லை! பம்பர் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். போல்ட்டுக்கு அடியிலெல்லாம் வெல்டரின் அழகான கறுப்புப் பெயின்ட். ஆன்டெனா என்பது அந்தக் கம்பி மட்டும் இல்லை, வண்டியின் மொத்த உடம்பும் அதற்கு மறுபாதி. அது சேராவிட்டால் கம்பி ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரிதான். எழுதிவிட்டேன். இதை அடிக்கப்போவதில்லை.

உப்புத்தாள் போட்டுப் பெயின்ட்டைத் தேய்த்து இரும்பு வெளியே தெரிய வைத்தேன். பின்னிய செம்புப் பட்டையால் பம்பரைச் சேஸோடு கட்டினேன், சேஸை பாடியோடு கட்டினேன், பானெட் கீலுக்கும் கதவுக் கீலுக்கும் ஒவ்வொன்று. துருப்பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ். என் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டாயே என்று வெல்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதன் பிறகும் டிக் டிக் என்று ஒரு சத்தம். அது டீசல் பம்ப். அதன் வயரில் இரைச்சலை அடக்கும் இரும்புத்தூள் வளையம் இரண்டைக் கோத்ததும் அதுவும் வாயை மூடிக்கொண்டது.

இன்று காலை பத்து மணிக்கு என் உரிம எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிடுவதற்குள், "உங்க குரல் பக்கத்து ரூம்ல இருந்து கேக்கற மாதிரி இருக்கும்மா" என்று ஒரு பெண் குரல். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, தினமும் பகலில் வண்டிக்காரர்களுக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். எங்கே இருக்கிறார் தெரியுமா? ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, நீங்கள் படுத்திருக்கிற ஊரில். என் குரல் அங்கே வந்துவிட்டுப் போயிருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியாது.

உங்கள் தங்கை இப்போது எல்லாவற்றுக்கும் கடைசியில் "ஓவர்" சேர்த்துக்கொள்கிறாள். "அண்ணி, உப்பு கம்மி, ஓவர்." இதை வைத்துக்கொண்டு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது?

நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை. நான் எழுதுகிறேன்.

உங்கள்
காயில்காரி


வியாழக்கிழமை காலை,
வீட்டிலிருந்து

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கார்டு நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் கிடைத்தது. "நெகட்டிவ் வயர்லயும் ஃபியூஸ் போட்டியா?" அவ்வளவுதான். அன்புள்ள என்றுகூட இல்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். போடவில்லை. மறந்துவிட்டேன். அன்றைக்கே போட்டேன்.

நேற்று முன்தினம் திரும்பிவிட்டோம். எல்லாரும் பத்திரம். அதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள்.

நான் முன்பே உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. வந்த நாலு பேரில் பல்டாக்டரும் அவர் மனைவியும் உண்டு. ஆமாம், அவர்களேதான். அன்றைக்கு வெயிலில் நடந்துபோய், போனுக்கு டவர் கிடைக்கிற மேடு கண்டுபிடித்து ஆள் கூப்பிட்டவர் அவர். நீங்கள் வண்டிக்கு அடியில் கிடந்தபோது பக்கத்திலிருந்து நகராதவர் அந்தம்மா. "உங்க வண்டி கிளம்பினா நாங்கதான் முதல்ல" என்று அவர்களே கேட்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே பல்டாக்டர் முகம் சரியில்லை. கேட்டால் வாயு என்றார். மதியம் ஒரு மணிக்கு வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிவிட்டார். வாந்தி, நெருப்பாய்க் காய்ச்சல். அவரே சொல்லிவிட்டார், "பல்லு இல்ல, குடல்வால்" என்று. ஊர் இருநூறு கிலோமீட்டர். அந்த மணலில் பத்து மணி நேரம்.

மைக்கை எடுத்துப் பக்கத்து ஊர் ரேடியோ உதவி நிலையத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். அந்தம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். காயில், எர்த், பட்டை என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டவள், ஒவ்வொரு இணைப்பாக மறுபடி தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் படித்தது நினைவுக்கு வந்தது. அலை உயரப் போய்த் தூரத்தில் இறங்கும்போது, பக்கத்தில் இருப்பவர்களின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். இருநூறு கிலோமீட்டருக்குக் கேட்காதது ஆயிரத்துக்குக் கேட்கும். மூன்று மார்க் அதிகம் வாங்கியவளுக்கு இது தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. இதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.

பகலுக்கான உயர்ந்த அலைவரிசைச் சானலுக்கு மாற்றிக் கூப்பிட்டேன். இரண்டாவது கூப்பாட்டுக்கு நூலகத்தம்மா வந்தார். ஒரு பதற்றம் இல்லை. எங்கே இருக்கிறீர்கள், வயசென்ன, வலி எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "நான் போன்ல ஆஸ்பத்திரி விமானத்தப் பிடிக்கறேன். நீங்க இந்தச் சானல விட்டு நகராதீங்க" என்றார். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து, விமானம் கிளம்பிவிட்டது, அது இறங்க ஏரித் தரை தாங்குமா என்று வண்டியை வேகமாக ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். உங்கள் தங்கை எண்பதில் நாலு தடவை போய் வந்தாள். டயர் தடம் விரல்நகம் ஆழம்கூட இல்லை. மற்ற இரண்டு பேரும் நானும் குனிந்து குனிந்து கல் பொறுக்கினோம்.

பிறகு காத்திருந்தோம். பல்டாக்டரை வண்டி நிழலில் படுக்கவைத்திருந்தோம். ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே அந்தம்மா உங்களைப் பற்றிப் பேசினார். இந்த ஒன்பது மாதத்தில் நான் உங்களிடம் கேட்காததை, கேட்கப் பயந்ததை, அவர் தானாகச் சொன்னார்.

"அவர் ஒரு தடவகூடக் கத்தலம்மா. ஆத்துத் தடத்தை விட்டு விலகாம நடங்கன்னு எங்க வீட்டுக்காரருக்கு மேப்ல கோடு போட்டுக் குடுத்தார். தண்ணிய எனக்குக் குடிக்கச் சொன்னார். மறுநாள் காலைல, இனிமே தாங்காதுன்னு தோணிச்சோ என்னமோ, என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'என் பொண்டாட்டிகிட்ட வண்டிய வித்துடச் சொல்லுங்க. இல்லேன்னா அவ இதைச் சரி பண்ணிட்டுத் தனியா கிளம்பிடுவா'ன்னார்."

நான் எழுந்து வண்டிக்கு அந்தப் பக்கம் போனேன். வெறுத்துப்போய் விற்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறவரிடமா நான் ஒன்பது மாதம் மல்லுக்கு நின்றேன்!

நான் முதலில் கூப்பிட்டதிலிருந்து இரண்டு மணி பத்து நிமிஷத்தில் விமானம் இறங்கியது. அன்று மாலையே ஆபரேஷன். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார்களாம். நேற்றுப் போனில் பேசினார். கஞ்சி குடிக்கிறார், அடுத்த வருஷத்துக்கு இடம் பிடித்து வைக்கச் சொல்கிறார்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு மணி நேரமே எனக்கு ஒரு யுகம். நான் கூப்பிட்டு, ஆள் கேட்டு, வருகிறோம் என்று சொன்ன பிறகும் அப்படி. யாருக்கும் கேட்காமல் முப்பத்தொரு மணி நேரம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எனக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது. முழுசாக நீங்கள்தான் சொல்ல வேண்டும். வண்டி வேண்டாம் என்று அதற்குப் பிறகும் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று வெல்டர் டேப்பும் கையுமாக வந்தார். வீட்டு வாசல் மூன்று படியையும் இடித்துவிட்டுச் சரிவாகப் போட்டுவிடவா என்றார். அளவுகூட எடுத்துவிட்டார். இத்தனை வேலையிலும் யாரையும் கேட்காமல் முடிவெடுத்தவள் நான். இது என்னால் ஆகவில்லை. படியில் ஏறுவேன் என்றாலும் எனக்குச் சம்மதம், சரிவு போடு என்றாலும் சம்மதம். எதுவானாலும் வாசலில் நின்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். அதுவரை ஒரு கல்லையும் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நாளைக்குப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். நல்லபடியாக எழுந்து நின்று, நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்களுக்காக வாசலைப் பார்த்தபடி,
உங்கள்
காயில்காரி