கடைசியாகக் குதித்தவர் தயங்கியவர் அல்லர்

அனுப்புநர்
சாகர் லூகிச் பெஸ்திரியாகொவ்,
ஓய்வுபெற்ற சார்ஜென்ட்,
ரயில்வே குடியிருப்பு, ஜாரேச்ன்ஸ்க்.

பெறுநர்
தோழர் கர்னல் கொர்னேய் சவ்விச் தொலகோன்னிகொவ் அவர்கள்,
பொறுப்பாளர், வான்குதிப்புப் படைப்பிரிவு அருங்காட்சியகம்,
ஜாரேச்ன்ஸ்க்.

பொருள்: படைப்பிரிவு வரலாற்றுப் பலகையில் செவிலி அக்னியா ருதகோவா பற்றிய வரியை வெற்றி நாளுக்கு முன் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய தோழர் கர்னல் அவர்களுக்கு,

1. தாங்கள் எழுதிய வரலாற்றுப் பலகைகளைச் சென்ற ஞாயிறன்று முழுவதும் படித்தேன். நாலு பக்கமும் எதிரி இருப்பான் என்று தெரிந்தே வானிலிருந்து இறங்கியவர்களின் கதை அது. விமானம் கிடைக்காத காலத்தில் சேற்றில் நடந்தே போரிட்டோம் என்பதையும் தாங்கள் மறைக்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் கவச வண்டியோடு குதிக்கிறார்கள் என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்களைத் தவிர வேறு யாராலும் இப்படி எழுதியிருக்க முடியாது.

2. ஆனால் 1943 இலையுதிர்காலக் குதிப்பைச் சொல்லும் பலகையில், "செவிலி ருதகோவா தயங்கிக் கடைசியாகக் குதித்தார், காயம்பட்டவர்களிடம் தாமதமாகவே வந்து சேர்ந்தார்" என்று இருக்கிறது. ஆனைக்கும் அடி சறுக்கும். தங்கள் உடல்வாகை வைத்து இதைச் சொல்லவில்லை.

3. இருந்தாலும் விஷயம் அந்த உடல்வாகில்தான் இருக்கிறது. கனமானவர் வேகமாக இறங்குவார். பின்னால் குதித்தால் மெலிந்தவரின் பாராசூட் மேலேயே வந்து விழுவார். ஆகவே எடைப்படி வரிசை. அன்றும் நாம் ஏறும்போது விமானத்தின் கதவருகே தரையில் நின்ற அதிகாரி, "குண்டனுங்க முன்னாடி, நோஞ்சானுங்க பின்னாடி. யாரும் யார் தலையிலயும் விழுந்து தொலைக்காதீங்கடா" என்றுதான் வரிசைப்படுத்தினார். தாங்கள் முதல் ஆள். நான் கடைசிக்கு முந்தியவன். எனக்கும் பின்னால் அக்னியா. தாங்கள் என்றுமே முதலில் குதித்தவர் என்பதால், பின்னால் நடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு தங்களுக்குக் கிடைத்ததில்லை. நம் எல்லோருக்கும் முதுகில் ஒரு தள்ளு கொடுக்கப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். அவருக்கு இல்லை. காலி விமானத்திலிருந்து தானாகவே குதித்தார்.

4. தாமதம் பற்றி. முதலில் குதித்தவர் ஒரு கோடியிலும், கடைசியாகக் குதித்தவர் மறு கோடியிலும் விழுவது இயற்கை. நடுவில் சதுப்பு நிலம், அதில் நம் ஆட்கள். எனக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. அக்னியா அதைக் கட்டிவிட்டு மருந்துப் பையை என்னிடம் கொடுத்தார். அவர் பின்னாலேயே நடந்தேன். முனகல் கேட்ட இடமெல்லாம் நின்றார். தொடையில் குண்டு பாய்ந்த சமையற்காரன் இல்லாரியோனை முழங்கால் சேற்றில் மண்டியிட்டுக் காப்பாற்றினார். மறு கோடியில், கால் எலும்பு முறிந்து, பொழுது சாயும்வரை காத்துக் கிடந்தவர் தாங்கள். தங்களிடம் அவர் கடைசியாக வந்தது உண்மை. எங்களிடமெல்லாம் வந்துவிட்டுத்தான் வந்தார்.

5. அக்னியா திமோஃபெயெவ்னா இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தன்னோடு வேலை பார்க்கும் பெண்களைப் பெருமையோடு அருங்காட்சியகத்துக்குக் கூட்டி வந்தவர், அவர்கள் முன்னிலையிலேயே அந்த வரியைப் படிக்க நேர்ந்தது. வெற்றி நாள் கூடுகைக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். நான் அவர் வீட்டுக்குப் போய்க் கொதித்தேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டே, "விடுங்க சாகர் லூகிச். அன்னைக்கு அவருக்கு வலி உயிர் போயிருக்கும். வலியில கிடக்கிறவங்களுக்கு எப்ப வந்தாலும் லேட்டுதான்" என்றார். தங்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது.

6. தாங்கள் வேண்டுமென்றே எழுதியிருக்க மாட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இல்லாரியோனும் நேரில் வந்து சாட்சி சொல்லத் தயார். ஆகவே, வெற்றி நாளான மே ஒன்பதாம் தேதிக்குள் அந்த வரியை நீக்கி, நடந்ததை எழுதி வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

7. அக்னியாவுக்கான அழைப்பிதழைத் தபாலில் அனுப்ப வேண்டாம். தங்கள் காலை அவர் அன்று வெடிமருந்துப் பெட்டியின் பலகை வைத்து நேராகக் கட்டியதால்தான் அது கோணாமல் சேர்ந்தது. அந்தக் காலாலேயே அவர் வீடுவரை நடந்து போய், தாங்களே அவரைக் கூப்பிட வேண்டும்.

இடம்: ஜாரேச்ன்ஸ்க்
நாள்: 12 ஏப்ரல் 1979

இன்றும் தங்கள் கட்டளைக்குக் கட்டுப்பட்டவன்,
சா. லூ. பெஸ்திரியாகொவ்