ஈயப் படையும் எரியோட்டுச் சம்பந்தமும்

9-7-2024, செவ்வாய்

சோலைமுத்து இன்று ஒரு குதிரைக்காரனைக் கொண்டுவந்தான். கொடைக்கானலில் எந்தப் பழைய பங்களாவை இடித்தாலும் அங்கே போய்ச் சாமான் எடுத்து வருகிறவன் அவன். வெள்ளைக்காரன் காலத்து ஈயப் பொம்மை: ஈயக் குதிரை, சிவப்புச் சட்டை, கையில் வாள். வால் மட்டும் இல்லை. உள்ளங்கையில் வைத்ததும் ஜில்லென்று கனத்தது. அந்தக் கனம் பிளாஸ்டிக்கில் வருமா? இவனோடு என் படையில் அறுபத்து மூன்று பேர். எல்லாருமே என்னைவிட மூத்தவர்கள்.

உடனே பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியைக் கூப்பிட்டேன். முன்னறைத் தரையில் ஆளுக்கொரு பக்கம் படையை நிறுத்தினோம். சோழி உருட்டி, விழுந்த எண்ணுக்கு அத்தனை சாண் நகர்த்தலாம். பிறகு புளியங்கொட்டையைச் சுண்டி அடிக்க வேண்டும். சாய்ந்தவன் செத்தான். புதுக் குதிரைக்காரன் முதல் ஆட்டத்திலேயே அவள் பீரங்கியைப் பிடித்துவிட்டான்.

"வாலில்லாத குதிரைக்கு இம்புட்டுத் திமிரா!" என்றாள்.

"மேல உக்காந்திருக்கவன் எங்க வீட்டு ஆளுடி" என்றேன்.

10-7, புதன்

ஞாயிற்றுக்கிழமை எரியோட்டிலிருந்து பேத்தி ரூபியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்காகப் படையைப் பரணில் ஏற்ற வேண்டுமாம். என் மகன் ரொனால்டு சொல்கிறான்.

"எழுபத்தோரு வயசுல தரையில தவழ்ந்து வெளையாடுறதப் பாத்தா என்னம்மா நெனப்பாங்க?"

தினமும் செல்போனில் மிட்டாய் உடைக்கிற ஆட்டம் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவனை எந்தப் பரணில் ஏற்றுவது? கேட்டுவிட்டேன்.

மாப்பிள்ளைப் பையன் இனிகோவை ரூபிக்குப் பிடித்திருக்கிறது. போட்டோ பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அதனால் கொஞ்சம் இறங்கி வந்தேன். படை கண்ணாடி அலமாரிக்குள் ஒழுங்காக நிற்கும். பரணுக்குப் போகாது. அதற்குமேல் ஒரு சாண்கூட இறங்க மாட்டேன்.

13-7, சனி

ஐயோ. எழுதக் கை வரமாட்டேங்குது.

நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தப்ப, வீட்டைச் சுத்தம் பண்றேன்னு மருமகள் அமலராணி அலமாரியைத் திறந்திருக்கா. திருநாளைக்குக் குத்துவிளக்கு விளக்குற மாதிரி என் ஆளுங்க பதினோரு பேரைப் புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்ச்சிட்டா. நூறு வருசத்துப் பெயிண்ட். சட்டை போச்சு, மீசை போச்சு, கண்ணு போச்சு.

"பளபளன்னு வரும்னு நெனச்சேன் அத்தை"ன்னு அழுவுறா.

பளபளன்னுதான் வந்திருக்கு, பாவிமக. இவளைத் திட்டவா, தேத்தவா?

14-7, ஞாயிறு

நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். நான் முன்னறைத் தரையில் இருந்தேன். தேய்த்ததில் முகம் போன மத்தளக்காரனை மடியில் போட்டுக்கொண்டு, ரூபியின் கண்மைப் பென்சிலால் அவனுக்குக் கண் வரைய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஒம் மூஞ்சி எங்கடா? அழுவாத அப்பு, செத்த நேரம் பொறு" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் எட்டுக் கால்கள்.

மாப்பிள்ளையின் தாயார் ஜோஸ்பின் ரொனால்டிடம் குசுகுசுத்தாள். "அம்மாவுக்கு எம்புட்டு நாளா இப்படி?"

"அப்பா போனதுலருந்து இப்படித்தான்..." என்றான் அவன். என் வயிற்றில் பிறந்தவன்!

எழுந்து நின்றேன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. புத்தி தெளிவா இருக்கு. வெளையாடுறேன், அம்புட்டுத்தான்."

வடையை யாரும் தொடவில்லை.

16-7, செவ்வாய்

தரகர் போன் செய்தார். பாட்டிக்கு இருக்கிற கோளாறு பேத்திக்கும் வருமோ என்று அந்த அம்மாவுக்குப் பயமாம். ரொனால்டு படை முழுவதையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினான்.

17-7, புதன்

இறக்கிவிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறி, நானே.

"விழுந்தா என்ன ஆகும் அத்தை?" என்று அமலராணி பதறினாள். விழுந்தால் என் படைமேல்தான் விழுவேன் என்றேன்.

இறக்கிய பிறகுதான் மனசு அடித்துக்கொண்டது. பொம்மைக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறேனோ? ஆஸ்பத்திரி வேலை முடிந்து ரூபி வந்ததும் கேட்டே விட்டேன். ஏத்திரவா ஆத்தா?

"இன்னைக்குப் பொம்மைய ஏத்துன்னா நீ ஏத்துவ. நாளைக்கு அவங்க நர்ஸ் வேலைய விடுன்னா நான் விடணுமா? இருக்கட்டும் அப்பாயி" என்றாள்.

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை.

18-7, வியாழன்

தரகரிடம் நம்பர் வாங்கி நானே எரியோட்டு ஜோஸ்பினுக்குப் போன் போட்டேன். "கோளாறுன்னு நெனச்சா நேர்ல வந்து சோதிச்சுக்கங்க. ஒளிஞ்சு பேசுறது எங்க பழக்கமில்ல." வைத்துவிட்டேன்.

21-7, ஞாயிறு

ஜோஸ்பின் தனியாக பஸ்ஸில் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பரீட்சை மாதிரி கேள்வி கேட்டாள். இன்றைக்கு என்ன தேதி? கூடப் பிறந்தவர்கள் பேர் என்ன? காலைப் பூசையில் என்ன நற்செய்தி? மேய்ப்பன் இல்லாத ஆடுகள் என்றேன். போன வாரத்து நற்செய்தியையும் சேர்த்துச் சொன்னேன்.

"இப்ப எம் முறை. தரையில உக்காருங்க."

"முட்டி வலிக்கும்."

"எனக்கும் வலிக்கத்தான் செய்யுது."

உட்கார்ந்தாள். அவள் சுண்டிய முதல் புளியங்கொட்டை அலமாரிக்கு அடியில் போனது. இரண்டாவது என் கேப்டனைக் குப்புறத் தள்ளியது. அப்போதும் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் ஆடித் தோற்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலையை உதறினாள்.

"எனக்கு இது புடிக்கல. நம்ம வயசுக்கு இது அழகில்ல. ஆனா பைத்தியம் இல்ல, திமிரு. திமிரு எங்க வீட்டுலயும் கொட்டிக் கெடக்கு. அது சீக்கு இல்ல."

காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபமே வரவில்லை. மூஞ்சிக்கு நேராகச் சொன்னாளே.

11-8, ஞாயிறு

இன்று பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பில் இது முதல் ஓலை. எரியோடு இனிகோ, திண்டுக்கல் ரூபி. இவர்கள் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார் சாமியார். நான் தலையைத் திருப்பிக் கோவிலை ஒரு சுற்றுப் பார்த்தேன். சொல்லுங்களேன் பார்ப்போம்!

சாப்பிட்டுவிட்டு ஜெய்தூனும் நானும் முன்னறையில் படையைப் பரப்பினோம். ஓலை கேட்ட சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ரொனால்டு உள்ளிருந்து வந்தான். பரப்பிக் கிடந்ததைப் பார்த்தான். பிறகு சுவரோரமாக ஒட்டி, கால் பெருவிரலை ஊன்றி, ஒருத்தன்கூடச் சாயாமல் சுற்றிப் போனான்.

"பாத்து வாங்க" என்றான் வந்தவர்களிடம். "அம்மா ஆடிக்கிட்டிருக்காங்க."